காயாத பின்பலகை

மச்சான்,

இன்று காலை மகள் நகப்பூச்சைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். பியர்பொன்ட்ஸில் உன் வீட்டுக் கராஜின் மணம் அது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

யாரோ புல்லுக்குள் கைவிட்ட பைபர் படகு. டோர்வலில் விமானம் துப்புரவாக்கும் வேலை முடிந்து வரும் வழியில் அதைக் கண்ட நாள் முதல் நீ வேறு கதை கதைக்கவில்லை. மார்கழியில் கராஜுக்குள் ஏற்றினோம். உன் கார் பனிக்குள் நின்றது. கதவைத் திறந்தால் குளிர் கொன்றது, மூடினால் மணத்தில் தலை சுற்றியது. மூடியே வைத்தோம்.

படகின் உடம்பில் பிழையில்லை. எஞ்சின் பூட்டும் பின்பலகைதான் உள்ளுக்குள் நனைந்த பாணாக ஊறி உளுத்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதுப்பலகை வைத்தோம். மேலே பைபர் இழைப் பாய் போட்டுப் பிசின் பூச வேண்டும். பிசின் இறுகுவதற்கு அதற்குள் ஒரு மருந்து விட வேண்டும். ஊரில், மயிலிட்டிக் கரையில் நாம் விட்ட அளவு உன் கைக்குத் தெரியும்: வாளிக்கு ஒரு மூடி. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

"இது ஊர் வெயில் இல்லை மச்சான், கொஞ்சம் கூட விடு," என்றேன்.

"கூட விட்டாப் புகைஞ்சு பத்தும். ஊரில கொட்டில் எரிஞ்சது மறந்துபோச்சே?" என்று ஒரு மூடியோடு நிறுத்தினாய்.

பிசின் தகரத்தில் பிரெஞ்சில் ஏதேதோ எழுதியிருந்தது. நடுவில் ஒரு வெப்பமானியின் படம். நீ வயிறு குலுங்கச் சிரித்தாய்.

"பாரடா, இந்த நாட்டில படகுக்கும் காய்ச்சல் பாக்கச் சொல்லுறாங்கள்!"

நானும் சிரித்தேன்.

ஹீற்றரைப் பலகைக்கு நேரே வைத்தாய். வெளிப்பக்கம் கல்லாக இறுகியது. உள்ளும் வெளியும் வெள்ளை வர்ணம் அடித்தாய். தை போய் மாசி வந்தது. கராஜில் அந்த மணம் மட்டும் போகவில்லை. காய்ந்த பிசின் அப்படி மணக்காது.

"மணம் இன்னும் நிக்குது," என்றேன்.

"அது உன்ரை மூக்கிலதான் நிக்குது."

ஏரியில் பனி விட்ட முதல் ஞாயிறு, பூசைக்குக்கூட நிற்காமல் படகை இறக்கினாய். நான் பின்னால் நின்று தள்ளினேன். பெருவிரல் பின்பலகையின் உட்பக்கத்தில் பட்டது. வர்ணம் சுருங்கியது. நகம் மெழுகுக்குள் போவதுபோல் உள்ளே இறங்கியது. அதற்குள் நீ எஞ்சின் கயிற்றை இழுத்துவிட்டாய்.

"மச்சான், நில்! திரும்படா!"

கடலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக்கூடாது. எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கத்தினாய்.

"பின்னால கூப்பிடாதை எண்டு உனக்கு எத்தினை தரமடா சொல்லுறது!"

நான் வரவைத்த பீடையைக் கழிக்கிறவன்போல எஞ்சினை இன்னும் முறுக்கினாய்.

பலகை எஞ்சினோடு கழன்றது. கரையிலிருந்து பார்க்க அது ஒரு சின்ன அசைவுதான். பிறகு படகின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. மயிலிட்டியில் புயலுக்குள் நீந்திக் கரை வந்தவன் நீ. பனி உருகிய அந்தத் தண்ணீர் உன் கைகளை அசையவே விடவில்லை; உன்னைக் கரைக்கும் விடவில்லை.

இப்போது நான் எல்லோரையும் பின்னால் கூப்பிடுகிறேன், மச்சான். மகள் வேலைக்குப் புறப்பட்டு, சப்பாத்து மாட்டி, கதவைத் திறந்ததும் கூப்பிடுவேன்.

"பிள்ளை!"

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. போயிட்டு வா."

முன்பெல்லாம் எரிந்து விழுவாள். இப்போது நான் கூப்பிடும்வரை வாசலில் நிற்கிறாள். கூப்பிட்டதும் திரும்புகிறாள். முகத்தைக் கண்ட பிறகுதான் போக விடுகிறேன்.