அப்பா விழுங்கிய வரி

11-5-81, திங்கள்

ரஃபத் ஜஹான் டீச்சர் என் வாய்க்கு ஒரு மாதம் வாய்தா போட்டுவிட்டார்; அதுவரை யார் பேச்சையும் நான் மொழி மாற்றிச் சொல்லக் கூடாது. பத்தாம் வகுப்பு முடிந்த லீவும் இப்படிப் போயிற்று. குற்றம் இதுதான்: சனிக்கிழமை தோல் கம்பெனி மேஸ்திரி, புதிதாக வந்த பீகார் ஆட்களுக்கு வரவேற்புரை ஆற்றினார். ஐந்து நிமிஷம். நான் அதை உருதுவில், "இவருக்குப் பேச ஆசை, நமக்குப் பசி" என்று சுருக்கிவிட்டேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். மேஸ்திரி தன் பேச்சுக்குத்தான் என்று பூரித்து இன்னும் ஐந்து நிமிஷம் பேசினார். அதுவே எனக்குத் தண்டனை. டீச்சருக்குப் போதவில்லை.

டீச்சரும் அப்பாவும் நடத்தும் மொழித் துணைச் சங்கத்தில் சட்டம் ஒன்றே ஒன்று. ஆம்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள் பேசுவதையும், அவர்களிடம் மற்றவர்கள் பேசுவதையும் அப்படியே மாற்றிச் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. 'அவர் சொல்கிறார்' என்றுகூட இல்லை. அவராகவே நின்று 'நான்' என்று சொல்ல வேண்டும். அப்பா பட்டாளத்தில் கற்ற ஹிந்தியில் செய்கிறார். நான் டீச்சர் வீட்டு வாசலில் கோலியாடிக் கற்ற உருதுவில்; பீகார் ஆட்களுக்கு இரண்டும் புரியும்.

12-5

சங்கத்துப் போர்டில் ஹிந்தி வரியின் மேல் யாரோ தார் பூசிவிட்டார்கள். தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் தப்பின. டீச்சர் கிரசின் வாங்கிவரச் சொன்னார், துடைத்தார், மறுபடி எழுதினார். யாரையும் திட்டவில்லை. "ஹிந்தியத் திணிக்கறது வேற. அது மட்டுமே தெரிஞ்சவன் வலிக்குதுன்னு சொல்றது வேற," என்றார், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே.

14-5, வியாழன்

பீகார் ஆட்களில் ஜக்தேவின் வலது கை, தோல் பிளக்கும் மெஷினில் மாட்டிக்கொண்டது முந்தாநாள். அப்பா இன்று அவரை வேலூருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வாயைத் திறப்பதில்லை என்ற நிபந்தனையில் நானும்.

டாக்டர் அம்மா தெளிவாகச் சொன்னார்: இரண்டு விரல் செத்துவிட்டது, சனிக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கையே போய்விடும். ஜக்தேவ் கண்ணீரோடு அப்பாவின் வாயையே பார்த்தார். அப்பா ஹிந்தியில் சொன்னது: விரல் கொஞ்சம் மோசம்தான், பார்க்கலாம், சனிக்கிழமை வந்து சேர்ந்துவிடு.

அவ்வளவுதான். 'எடுத்தாக வேண்டும்' எங்கே? 'கையே போய்விடும்' எங்கே?

அப்பா பேர் சத்தியநாதன். சத்தியம் பேரோடு நின்றுவிட்டதா? பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டேன்.

15-5

ஜக்தேவ் ஊருக்குப் போகிறாராம். 'பார்க்கலாம்' என்றுதானே சொன்னார்கள், சாப்ராவில் தன் அம்மா மருந்து கட்டினால் ஆறிவிடும் என்கிறாராம். இன்று சாயங்காலமே வண்டி. போய்ச் சேர மூன்று நாள். அதுக்குள்ள கை — இன்னா ஆகும்?

அப்பாவிடம் கேட்டேவிட்டேன். "முழுங்கினதச் சொல்லிடுங்கப்பா."

"அவன் அழுதாம்மா," என்றார். "கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக்கலாம்னு பார்த்தேன்." பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய், செய்ததை அவரே ஒப்புக்கொண்டார். டீச்சர் அதட்டவில்லை. ஸ்டேஷனுக்கு ஓடுங்கள் என்றார். என் வாய்தா ரத்து. சந்தோஷமே இல்லை.

அதே நாள், திரும்பி வந்து

ஜக்தேவ் பிளாட்பாரத்தில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அப்பா என்னிடம், "நான் ஹிந்தில சொன்னா மறுபடி குறைச்சிடுவேன். தமிழ்ல சொல்றேன், நீ மாத்து," என்றார்.

மாற்றினேன். நான் உங்களிடம் பொய் சொன்னேன். டாக்டர் சொன்னதை மறைத்தேன். சட்டப்படி 'நான்' என்றுதானே வரவேண்டும்? அப்பாவின் பொய் என் பொய்யாகவே வாயில் கசந்தது. செத்த விரல், சனிக்கிழமை, கை — எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

ஜக்தேவ் கத்தினார். அப்பாவுக்குப் புரிந்திருக்கும், நான் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அப்பா விடவில்லை. "சொல்லு," என்றார்.

"என் கை. என் விரல். நான் அழணுமா வேணாமான்னு முடிவு பண்ண நீ யாரு?"

அப்பாவின் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

வண்டி வந்து நின்றது. ஜக்தேவ் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. வண்டி போனபிறகு எழுந்து, பெட்டியைக் காலால் அப்பா பக்கம் தள்ளினார். அதற்கு யாரும் மொழி மாற்ற வேண்டியிருக்கவில்லை. அப்பா தூக்கிக்கொண்டார்.

16-5

விரல் இரண்டும் போயிற்று. கை இருக்கிறது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். டாக்டர் அம்மாவுக்கும். வண்டியில் ஏறாதவருக்கும்.

18-5

தப்பு செய்கிற அப்பாக்கள் ஊரில் ஜாஸ்தி. மகள் வாயாலேயே திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிற அப்பா கம்மி. எனக்குக் கிடைத்தது கம்மி ரகம். நன்றி, நன்றி. நேரில் சொன்னால் மிதப்பு ஏறிவிடும், அதனால் இங்கே.

25-5, திங்கள்

கட்டுப் பிரிக்கும் நாள். டீச்சர் என்னைத்தான் அனுப்பப் பார்த்தார். ஜக்தேவ் சம்மதிக்கவில்லை. அந்தப் பட்டாளத்துக்காரரே பேசட்டும், இனி விழுங்கமாட்டார் என்றுவிட்டார். நான் பின்னால் நின்றேன்.

இனி அந்த மெஷினில் வேலை செய்ய முடியாது என்றார் டாக்டர் அம்மா. அப்பா அதை முழுசாக, நிதானமாகச் சொன்னார். ஜக்தேவ் அழுதார். அப்பா ஆறுதலுக்கு ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆம்பூர் பஸ் மூன்றைப் போக விட்டோம்.