செல்வத்துக்குக் கிடைத்த லீவு

12-7-2004, திங்கள்

தேதியை யாரையும் கேட்காமல் நானே எழுதிவிட்டேன். இந்த வயதில் எழுத்து வந்ததே பெரிய சந்தோஷம். இன்று எழுதுவது மட்டும் சந்தோஷமில்லை.

ஆஸ்திரேலியாவில் மனசு சரியில்லை என்றாலும் சம்பளத்தோடு லீவு உண்டாம். அங்கே வேலை பார்க்கும் என் மகன் செல்வத்துக்குக் கிடைத்ததும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் பெருமையடித்தேன். "எனக்கும் மனசு சரியில்ல அண்ணாச்சி, யார்கிட்ட லீவு கேக்க?" என்று கடைக்காரர் சிரித்தார்.

சாயங்காலம் மருமகள் போன் செய்தாள். "மாமா, அவர் கட்டிலை விட்டு இறங்கறதே இல்ல. பிள்ளை கூப்பிட்டாலும் திரும்பறதில்ல" என்று அழுதாள்.

அவனிடம் கொடுக்கச் சொன்னேன். "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்றான். அப்புறம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. "எழுந்திரிடா" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. போனை வைக்காமல் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.