அப்பாவின் மேல் மூடிய கல்

அன்பு மகன் பிளாமெனுக்கு, ஊரிலிருந்து அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர்த்துப் பார்த்தால் நான் நலம். சிகாகோவில் நீயும் உன் லாரியும் நலமாக இருக்க மாதா துணை.

போன வாரம் கல்தச்சர் வெர்ஜில் நீ பணம் அனுப்பிச் செய்யச் சொன்ன கல்லைக் கொண்டுவந்து கல்லறைத் தோட்டத்தில் இறக்கினார். பளபளவென்று கறுப்பு. அப்பா ரங்கெல் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் பிறந்த வருடமும், இறக்கும் வருடத்துக்கு இடம் விட்டு ஒரு கோடும் வெட்டியிருக்கிறது. அது எல்லோரும் செய்வதுதான், கோபமில்லை. ஆனால் நடுவில் மண்ணுக்கு இடமே விடாமல் தலை முதல் கால் வரை மூடுகிற கல்லை நம் ஊரில் யாருக்கு வைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? வர ஆளில்லாத பிணத்துக்கு. நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். இறந்தவர்களின் சனிக்கிழமை அன்று அப்பாவுக்காக மண்ணில் விடுகிற ஒயினை எங்கே ஊற்றுவேன்? கல்லில் ஊற்றினால் வழிந்து என் செருப்பைத்தான் நனைக்கும். போனில் கேட்டால், “இனிமே களை பிடுங்கக் குனிய வேணாம்மா” என்கிறாய். இந்த ஒரு வருடமாக எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான், மகனே.

வெள்ளிக்கிழமை கல்லை வைக்கிறேன் என்றார் வெர்ஜில். “அக்கா, மண்ணு நல்லா இறுகியிருக்கு, அதைத் தொட்றாதீங்க, கிளறுன மண்ணுல கல்லு நிக்காது” என்று அவரே வாயைக் கொடுத்தார். வியாழக்கிழமை காலையில் மண்வெட்டியோடு போய்விட்டேன். ஒரு வெட்டு ஆழம்தான், அதற்கு மேல் வெட்ட எனக்கு மனம் வரவில்லை. வெறும் களிமண், தண்ணீர் தேங்கி, நடுகிற பூக்கிழங்கு அழுகிவிடும் என்று ஆற்று மணலும் நன்றாக மக்கிய பழைய எருவும் கலந்தேன். துலிப் கிழங்குகளை முனை மேலே பார்க்க வைத்தேன். தலைமாட்டில் நம் வாசல் ரோஜா. முந்தின நாளே வேரோடு பிடுங்கி மண்ணை உதறி, இரவு முழுக்கச் சேற்றுக் கரைசலில் ஊறவைத்து, வேரை விரித்து நட்டு, காலால் மிதித்துவிட்டேன். வெர்ஜில் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கல் இப்போது மதில் ஓரம் சாய்ந்து நிற்கிறது.

மண் இறுக மறுபடி ஒரு வருடம் ஆகும். இறுகினால் திரும்பவும் கிளறுவேன். ஊரில் எனக்குப் பைத்தியம் என்கிறார்கள், உன் காதுக்கும் வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டு. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பாவின் அடக்கத்துக்குக் கிடைக்காத லீவு என்னுடையதற்காவது கிடைத்தால், அந்தக் கல்லை நீயே கூட நின்று வை.

உன் அம்மா,
ஸ்தொயாங்கா