தெற்கே தங்கிய மழை

ஜூன் 2

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மின்னஞ்சல்தான் என்றாலும் எனக்குக் கடிதமாகத்தான் எழுத வருகிறது. நான்கு வருஷம் கழித்து அக்காவுக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நினைக்காதே. காரியமாகத்தான் எழுதுகிறேன்.

நீர்த்தேக்கத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். இம்மாத நடுவில் மழை வந்துவிடும், வழக்கம்போல் மதகைத் திறக்கலாம் என்கிறார்கள். திறந்தால் நாற்பது நாளில் தரை தெரியும். கையெழுத்துப் போடவேண்டிய பொறியாளர் நான். நீ கடலை அளக்கப் போனவள். அங்கே என்ன தெரிகிறது? சுற்றி வளைக்காமல் சொல்.

அம்மாவுக்கு இடது கை இன்னும் தூக்க வரவில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் என்றதும் அம்மாவுக்குத்தான் ஏதோ என்று பயந்து, கடைசி வரியைத்தான் முதலில் படித்தேன். பிறகு கருவி அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். கப்பல் சமையல்காரர் எட்டிப் பார்த்து, "உப்புத் தண்ணி வெளியிலேயே நிறைய இருக்கேம்மா, நீ வேற எதுக்கு?" என்றார்.

கேட்டதற்கு வருகிறேன். கடலுக்குள் ஒரு நீரோட்டம் ஆறுபோல் ஓடி, தெற்கே உள்ள வெப்பத்தை வாரிக்கொண்டு நம் பக்கம் கொண்டுவரும். மழைமேகம் சூடான கடலைத் தேடித்தான் கூடும். இந்த வருஷம் அந்த ஓட்டம் சோம்பிக் கிடக்கிறது. நாங்கள் ஆழத்தில் இறக்கிய கருவிகள் மூன்று மாதமாக இதையேதான் சொல்கின்றன. சூடு தெற்கிலேயே தேங்கிவிட்டது, மேகமும் கூடவே தங்கிவிட்டது. உனக்கு வரவேண்டிய மழை நடுக்கடலில் எங்கள் தலையில் கொட்டுகிறது.

வரும் அக்கா, ஆனால் தாமதமாக. ஒரு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். பத்துக்கு ஏழு என்று சொல்வேன். மீதி மூன்று பலித்தால் பழி உன் தலையில். அதனால்தான் இதை அனுப்புமுன் கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன்.

அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது நான் கிளம்பியது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. நீ தாங்கியதால்தான் நான் இங்கே நிற்கிறேன் என்பது மட்டும் தெரியும். இதைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை.

உன் தங்கச்சி


ஜூலை 9

அன்பு வாலு,

மதகைப் பாதிக்குமேல் திறக்கவில்லை. ஊருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர், மருத்துவமனைக்கு மட்டும் தினமும். சலவைக்கடைக்கார அம்மா காலி வாளியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "உங்க வீட்டுக் குழாய்ல மட்டும் கொட்டுதாமே?" என்றாள். வீட்டுக்கே கூட்டிப்போனேன். அம்மா கட்டிலில் இருந்தபடி, "குளிச்சு ரெண்டு நாளாச்சு, கிட்ட வராதேம்மா" என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வானம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. யார் பேச்சையோ கேட்டு ஊரைக் காயப்போட்டதாக மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதினாறாம் தேதி கூட்டம். உன்மேல் குறை இல்லை. முடிவெடுத்தது நான்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

நேற்றுக் கருவிகளை மேலே எடுத்தோம். நீரோட்டம் வேகம் பிடித்திருக்கிறது! மூன்று நாளாக எங்கள்மேல் ஒரு சொட்டு இல்லை. மேகக்கூட்டம் உன் பக்கம் நகர்கிறது. அளவுகள் எல்லாவற்றையும் என் கையெழுத்தோடு இணைத்திருக்கிறேன், கூட்டத்தில் காட்டு. பழியில் பாதி எனக்கு. இன்னும் பத்துப் பதினைந்து நாள் பல்லைக் கடித்துக்கொள்.

உன் வாலு


ஜூலை 30

என் தங்கச்சிக்கு,

இருபத்திரண்டாம் தேதி மதியம் வந்தது. மதகுக் காவலர் குடையைக் கையில் மடக்கி வைத்துக்கொண்டே நனைந்து ஓடிவந்தார். "விரிக்க மறந்துட்டேன் மேடம்" என்றார். வழக்கம்போல் திறந்திருந்தால் பத்து நாள் முன்பே தரை தெரிந்திருக்கும். சிறுநீரகப் பிரிவு மருத்துவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணியில்லாம ஒரு நாள்கூட எங்க டயாலிசிஸ் மெஷின் நிக்கலைம்மா" என்றார். அந்த நன்றி உனக்குச் சேரவேண்டியது, அப்படியே அனுப்புகிறேன். கூடவே என்னுடையதும்.

கப்பல் எப்போது கரைக்கு வரும் என்று அம்மா கேட்கிறாள். எழுது. துறைமுகத்துக்கு நான் வருகிறேன்.

இன்னொன்றை மறைக்க மனம் வரவில்லை. இந்த நான்கு வருஷமும், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லிவந்தேன். அவ்வளவு கோபம். அன்று கூட்டத்தில் உன் தாள்களைத் தூக்கிக் காட்டி, "யார் இவங்க? எதுக்கு நம்பினீங்க?" என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். "என் தங்கச்சி சார். அவ சொன்னா சரியா இருக்கும்" என்றேன்.

அன்றைக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, வாலு. மழை வர இன்னும் ஆறு நாள் இருந்தது.

உன் அக்கா