மேட்டில் பார்க்காமல் விட்ட முள்

அன்புள்ள மாதேஷா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பாகலூர் சாலையில் உன் கார் பட்டறை திறந்துதான் இருக்கிறது. கம்பெனியில் தரச் சோதனை வேலையை விட்டுவிட்டு, கார்க் கோளாறு பார்க்கும் உன் ஸ்கேனரோடு உன் மனைவி கல்பனா உட்கார்ந்திருக்கிறாள். எனக்குத்தான் அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை.

போன வாரம் அவளே கூப்பிட்டாள், போனேன். டாக்ஸி ஓட்டும் தொரப்பள்ளி முனிராஜ் வந்து நின்றார். நீ கடைசியாக வேலை பார்த்தது அவர் கார்தான். நீ போட்ட புதுப் பெட்ரோல் பம்போடு இத்தனை நாள் ஊருக்குள் நன்றாக ஓடிய வண்டி, சூளகிரி மேட்டில் நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி மோதாமல் தப்பியிருக்கிறார்.

"செத்தவரக் குறை சொல்லக் கூடாதுதான். ஆனா இங்க குத்துமதிப்பா வேலை செய்றாங்கன்னு ஸ்டாண்டுல சொல்லத்தான் போறேன்" என்றார்.

என் தம்பி தப்புச் செய்திருக்க மாட்டான் என்றேன். கல்பனா நிமிரவேயில்லை. "உங்க தம்பி சாமி இல்ல அண்ணி, மெக்கானிக்கு. வண்டியில ஏறுங்க."

நீ செய்வதுபோலவே பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டி, ஓட்டும்போதே தெரியும்படி முன் கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டினாள். பட்டறையில் அதன் முள் சரியாக நின்றது. மேட்டில் முனிராஜ் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சரிந்தது. திரும்பி வந்து பின் சீட்டைத் தூக்கினால், பம்புக்குப் போகும் எர்த் வயர் துருப்பிடித்து, தொட்டால் சுட்டது. பம்புக்குப் போதிய கரண்டு போகவில்லை, அவ்வளவுதான். நீ கழற்றிய பழைய பம்பும் நல்லதாகவே இருந்திருக்கும்.

மேட்டில் ஓட்டிப் பார்க்காமல் நீ எந்த வண்டியையும் கொடுத்ததில்லையே? உன் நோட்டைப் புரட்டினேன். முனிராஜ் வண்டிக்கு நேரே எழுதியிருந்தாய்: "மேடு பாக்கல. அக்கா அவசரமா கூப்பிட்டுச்சு."

கலெக்டர் ஆபீஸ் வாசலில் என் கார் கிளம்பவில்லை என்று திரும்பத் திரும்பப் போன் அடித்த நாள். நிருபராக நான் கொடுக்க வேண்டிய இரண்டு பத்திச் செய்திக்காக. அது என்ன செய்தி என்றுகூட இப்போது நினைவில்லை. நோட்டில் எழுதியவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தப் பக்கத்தை முனிராஜிடம் காட்டினேன். "அப்ப நான் கோவிச்சுக்க வேண்டியது உங்களத்தான்" என்றார். ஆமாம் என்றேன். வயர் மாற்றியதும் மறுபடி மேடு ஏறினோம். முள் சரியவில்லை. இதையும் ஸ்டாண்டில் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

களைப்பாக இருக்கிறது, மாதேஷா. ஆனால் ஒருவர் ஓட்டினால் முள்ளைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். சனிக்கிழமைதோறும் பட்டறைக்கு வரும் வண்டிகளைக் கல்பனா மேட்டில் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முள் காட்டுவதைச் சொல்வேன். என் போன் பட்டறை மேஜையிலேயே கிடக்கும்.

அன்று கூப்பிட்ட
உன் அக்கா