பரீட்சைக்கு எதற்கு அத்தர்?

பீரோவைத் திறந்தால் இன்னும் அத்தர் வாசனை அடிக்கிறது. ஆஸ்பத்திரியில் கவரில் போட்டுக் கொடுத்த உங்கள் பாத்திக் சட்டையை நான் துவைக்கவில்லை. துவைத்தால் சாட்சி போய்விடும். எதற்குச் சாட்சி என்று கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

ரிட்டையர் ஆன கையோடு ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் இந்தோனேசிய மொழி படிக்கச் சேர்ந்தீர்கள். "எதுக்குங்க இது?" என்றேன். "சும்மாதான். மோட்டுவளையைப் பாத்துட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?" என்றீர்கள். வேங்கிக்காலில் ரிட்டையர் ஆனவர்கள் மாடி கட்டுவார்கள், மிஞ்சினால் கிரிவலம் போவார்கள். உங்களுக்கு மட்டும் எதற்குக் கடல் தாண்டிய பாஷை? முதல் வருடம் காய்கறி விலை கேட்கிற பாடம் என்பதால் விட்டுவிட்டேன். இரண்டாம் வருடத்தில் பத்திரிகை வாசிப்பு, கட்டுரை, அந்த ஊர் நடைமுறைகள் என்று ஏறியது. கூடவே புதன்கிழமைப் பேச்சுப் பயிற்சியும் வந்தது. போனில் ஒரு பெண் சிரிப்பாள், நீங்களும் சிரிப்பீர்கள். என்னிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது? கதவோரம் நின்று கேட்பேன், ஒரு வார்த்தை புரியாது. பிறகு அந்தப் பேச்சுக்கென்றே வெளியே போக ஆரம்பித்தீர்கள்.

கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்கக் கூடாது என்பதால் "தூரமா?" என்றுதான் கேட்பேன். "பக்கத்துலதான்" என்பீர்கள். ஒரு நாள் நீங்களாகவே சொன்னீர்கள்: "அந்த ஊர்ல எதிர்ல வர்றவங்க எல்லாம் 'மாவ் கெ மானா'னு கேப்பாங்க. எங்க போறனு அர்த்தம். அதான் அவங்க விசாரிப்பு. 'ஜாலான் ஜாலான்', சும்மா உலாத்தப் போறேன்னு சொல்லிட்டுப் போயிடலாம். நிஜத்த யாரும் எதிர்பாக்க மாட்டாங்க."

"நல்லா இருக்கு. பொய் சொல்லவா ஃபீஸ் கட்டிப் படிக்கிறீங்க?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

அந்தப் புதன்கிழமை சட்டை புதுசு, அத்தர் வேறு. நீங்கள் செருப்பு மாட்டும்போது கல்யாணமான நாளிலிருந்து கேட்காததைக் கேட்டுவிட்டேன்: "மாவ் கெ மானா?" திரும்பிப் பார்த்தீர்கள். முகமெல்லாம் சிரிப்பு. "ஜாலான் ஜாலான்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தீர்கள். செங்கம் ரோட்டில் வண்டியை நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"போறப்ப எங்கனு கேட்டியா?" என்று உங்கள் அக்கா எல்லார் முன்னாலும் கேட்டார். "இல்ல" என்றேன். தமிழில் நான் கேட்கவில்லைதானே.

காரியம் முடிந்த பிறகு ஒரு பெண் போன் செய்தாள். குரலைக் கேட்டதுமே அந்தச் சிரிப்புக்காரி என்று தெரிந்துவிட்டது. சென்னைப் பெண், உங்கள் வகுப்பாம். "அன்னிக்கு எங்களுக்கு வாய்மொழித் தேர்வு ஆன்ட்டி. நானும் சாரும் ஜோடி. எல்லாரும் அந்த ஊர்த் துணி, பாத்திக் போடணும்னு மிஸ் சொல்லியிருந்தாங்க. சாருக்காக ரொம்ப நேரம் காத்திருந்தோம்."

எங்கிருந்து பேசுவார் என்று கேட்டேன்.

"செங்கம் ரோட்ல ஒரு காபி கடைலேந்து. வீட்ல பேசினா கதவுகிட்ட ஒரு நிழல் நிக்குதுனு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்" என்றவள், அழுதுவிட்டாள்.

முக்கால்வாசி நம்பிவிட்டேன். பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போவீர்கள்? ஃபெயில் ஆனால் கேலி செய்வேன் என்று பயமா? செய்திருப்பேன்தான். சட்டையும் சரி. ஆனால் போனில் நடக்கிற பரீட்சைக்கு எதற்கு அத்தர்?

இப்போது புதன்கிழமைகளில் நானே அந்தக் காபி கடையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கிளம்பும்போது எதிர்வீட்டம்மா "தூரமா?" என்கிறார். "ஜாலான் ஜாலான்" என்கிறேன். ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும்.

உங்கள் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. நீங்கள் இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அத்தர் சமாசாரத்தைக்கூட விட்டுவிடுகிறேன். எங்கே போனீர்கள் என்று இனி எந்தப் பாஷையிலும் கேட்க மாட்டேன். இது ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

தூரமா?