காலி வண்டியில் நிற்க இடமில்லாதது குறித்து

அனுப்புநர்:
சா. பிலவேந்திரன்,
மெய்ப்புத் திருத்துநர் (கல்யாணப் பத்திரிகை அச்சகம், செஞ்சி),
அவலூர்பேட்டை,
மேல்மலையனூர் வட்டம்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
பேருந்துத் தடத் தரவுப் பகுப்பாய்வுப் பிரிவு,
விழுப்புரம்.

பொருள்: அவலூர்பேட்டை – செஞ்சி காலை ஆறே முக்கால் சாதாரணப் பேருந்து – பயணிகள் இல்லை என்று நிறுத்தப்பட்டது – பயணிகள் இருப்பதைப் பணிவுடன் தெரிவித்தல் – மீண்டும் இயக்கக் கோருதல் – சார்பாக.

பார்வை: "ஒரே பயணிக்கு மாற்று ஏற்பாடு" எனத் தலைப்பிட்டு எனக்கு வந்த தங்கள் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தங்கள் பதில் கிடைத்தது. காலை வண்டியை நிறுத்தியது குறித்து நான் அனுப்பிய முறையீட்டுக்கு, "மேற்படி நடையில் பயணம் செய்வோர் சராசரியாக ஒருவர். அந்த ஒருவருக்கு ஷேர் ஆட்டோ வசதி பரிசீலிக்கப்படும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒருவர் நான்தான். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் தனி வாகனம் பரிசீலிக்கப்பட்டதில்லை. கடிதத்தை வீட்டில் இரண்டு முறை உரக்கப் படித்தேன்.

2. இருந்தாலும் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் மட்டும் பயணம் செய்ததாகத் தாங்கள் குறிப்பிடும் அந்த வண்டியில் எனக்கு உட்கார இடம் கிடைத்துப் பல மாதங்கள் ஆகின்றன. வழக்கமாக நான் நிற்பது பின்படிக்கட்டுக்கு மேலே, பூக்காரி ராயம்மாளின் கூடைக்கும் அவருக்கும் நடுவில். துணிக்கடைப் பெண்கள், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்மார்கள், கல்லூரி மாணவிகள் எல்லாரும் அதில்தான் வருகிறார்கள். வண்டி கிளம்பிய பின் உள்ளே நடக்க முடியாது என்பதால் நடத்துநர் குரு புறப்படுவதற்கு முன்பே கீழே நின்று சீட்டுக் கொடுத்து முடித்துவிடுவார். செஞ்சிக் கோட்டை மலை கண்ணில் பட்டதும் சடை பின்ன ஆரம்பித்தால் பேருந்து நிலையம் வருவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் சீப்பு வைத்திருக்கும் கையைத் தலைவரை உயர்த்த இடம் வேண்டும். பெரும்பாலும் அடுத்தவர் தலையைத்தான் பின்ன முடிகிறது.

3. ஆண்கள் ஏன் இல்லை என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் ஊர் ஆண்கள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பள்ளிப் பையன்களுக்குப் பாஸ் உண்டு. சீட்டு வாங்கத் தேவையில்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆகவே காசு கொடுத்துச் சீட்டு வாங்குபவன் நான் ஒருவனே. மற்றவர்கள் பெண்கள். சாதாரணப் பேருந்தில் அவர்களுக்குக் கட்டணமில்லை. பூஜ்யம் ரூபாய்க்குச் சீட்டு உண்டு. அதையும் குரு ஒருவர் விடாமல் மெஷினில் அடித்துத்தான் கொடுக்கிறார்.

4. கடிதத்துடன் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். தங்கள் அலுவலர் திரு. எழிலன் நாற்காலி கொடுத்து உட்காரவைத்து, பொறுமையாக விளக்கினார். எல்லாத் தடங்களின் சீட்டு விவரங்களும் இரவில் வந்து கொட்டும் இடத்துக்குத் 'தரவு ஏரி' என்று பெயர் என்றார். ஏரிப் பாசனத்துக்காரன் என்பதால் எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. எங்கள் தடத்தைக் கேட்டு அவர் தட்டச்சு செய்தார். திரையில் ஒரு வட்டம் வெகுநேரம் சுற்றியது. பிறகு '1' என்று வந்தது. இவ்வளவு பெரிய ஏரியில் என்னை மட்டும் துல்லியமாகக் கண்டுபிடித்த தங்கள் கணினித் தளத்தின் திறமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

5. அங்கே இன்னொன்றும் தெரியவந்தது. செப்டம்பரில் ஒரு நாள் அந்த வண்டி பயணிகளே இல்லாமல் செஞ்சி வரை சென்றதாகத் திரை காட்டியது. அது என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்காக நான் விடுப்பு எடுத்த நாள். காலி வண்டியை ஏன் ஓட்டினீர்கள் என்று குருவுக்கு மெமோ வந்ததும் அந்த நாளைக் குறித்துத்தான். மெமோ வந்த மறுநாள் குரு என்னிடம் சொன்னதை அவர் சொன்னபடியே தருகிறேன்: "இன்னா சார், நீ ஒரு நாள் வரலன்னா எனக்கு மெமோ வருது. இனிமே லீவு போடறதா இருந்தா முன்னாடியே சொல்லிட்டுப் போ, நானும் லீவு போட்டுடறேன்."

6. காரணத்தைத் திரு. எழிலன்தான் கண்டுபிடித்தார். முதலில் கணக்குப் பிரிவின் வசூல் சரிபார்ப்புக்காகத்தான் இந்தத் தளம் அமைக்கப்பட்டதாம். பூஜ்யம் ரூபாய் வரிகளால் வசூலுக்குப் பயனில்லை என்பதால், அவற்றை வெற்று வரிகளாகக் கருதி வடிகட்டிவிடுகிறார்கள். பின்னர் அதே தளத்திடம் பயணிகள் எத்தனை பேர் என்றும் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். வடிகட்டியதிலிருந்து அது பதில் சொல்கிறது. "அப்போ எங்க ஊர் பொம்பளைங்க எல்லாம் எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். "ஏரியிலதான் சார் இருக்காங்க. ஒருத்தரும் காணாம போகல. ஆனா எனக்குத் தெரியமாட்டாங்க" என்றார். வடிகட்டாத முழு விவரம் இருக்கும் அடுக்கைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ளவர்கள் அதைக் கேட்டால் தேடும் அளவுக்கேற்பச் செலவாகும், அதனால் கேட்பதில்லை. உள்ளே போனதைத் திருத்தவும் முடியாது. வடிகட்டும் விதியை மாற்றினால் மாற்றிய நாளிலிருந்து வருவதுதான் சரியாக வரும். இத்தனையும் சொல்லிவிட்டு எனக்குத் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதை இந்தப் புகார் மனுவில் பதிவு செய்கிறேன்.

7. வண்டி நிறுத்தப்பட்டதால் எல்லாருக்கும் சிரமம்தான். ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு சாமுண்டீஸ்வரிக்குச் செஞ்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்திருக்கிறது. அவர் வாங்கப்போகும் முதல் சம்பளம் இதுதான். இந்த மாதம் முழுவதும் சோதனைக் காலம். மூன்று நாள் தாமதமானால் வேலை கிடையாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். காலை வண்டி நின்ற அந்த வாரத்திலேயே இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. அடுத்த சாதாரண வண்டி வருவதற்குள் கடை திறந்துவிடும். இப்போது பால் வண்டியில் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போகிறார். "பால் கம்பெனி கணக்குல நான் ஒரு கேனு அண்ணா. அங்கயாச்சும் எண்றாங்க" என்று சிரிக்கிறார். பால் வண்டி வராத நாள் மூன்றாவது தாமதமாகிவிடும்.

8. வண்டி நிறுத்தம் இம்மாத இறுதி வரை சோதனை அடிப்படையில் மட்டுமே என்றும், அதன்பின் தளத்திடம் மறுபடி கேட்டு முடிவெடுக்கப்படும் என்றும் தங்கள் கடிதத்தில் உள்ளது. ஓடாத வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கேள்விக்குத் தளம் இம்முறை முற்றிலும் சரியான விடை தரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த விடை வருவதற்கு முன்பே தாங்கள் தலையிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

9. ஆகவே, பூஜ்யம் ரூபாய்ச் சீட்டுகளையும் ஆட்களாக எண்ணும்படி விதியைத் திருத்த வேண்டுகிறேன். திருத்தம் முடியும் வரை காலை வண்டியை, தளத்தின் சம்மதத்துக்குக் காத்திராமல், வரும் திங்கள் முதல் ஓட்ட வேண்டுகிறேன். குருவின் மெமோவை ரத்து செய்ய வேண்டுகிறேன். இவற்றில் ஐயம் இருப்பின் தங்கள் அலுவலர் ஒருவரை ஒரு நாள் காலை எங்களுடன் பயணம் செய்ய அனுப்பலாம். அவர் பெண்ணாக இருந்தால் தளத்தில் தெரியமாட்டார். ஆணாக இருந்தால் அன்றைய கணக்கில் இரண்டு பேர் என்று வரும். எப்படியானாலும் அவருக்கு உட்கார இடம் தருவதாக உறுதி கூற இயலாது. ஷேர் ஆட்டோவைப் பொறுத்தவரை, அது வந்தால் ராயம்மாள் கூடையோடு முதலில் ஏறிவிடுவார் என்பதால் அந்தச் சலுகையை நன்றியுடன் மறுக்கிறேன்.

10. இம்மனுவை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது ராயம்மாள் ஒரு யோசனை சொன்னார்: "காசு இல்லாதவங்கதான அவங்க மிசின் கண்ணுக்குத் தெரியல? ஆளுக்கு ஒரு ரூபா ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போடறோம். அப்பவாச்சும் தெரியுதா பாப்போம்." சட்டப்படி இதற்கு ஸ்டாம்ப் தேவையில்லை என்று சொன்னேன். கேட்பாரில்லை. தபால் நிலையத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப் தீர்ந்துபோய்விட்டது.

தங்கள் ஆணையை அவலூர்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே எதிர்பார்க்கிறோம்.

இடம்: அவலூர்பேட்டை
நாள்: 12.11.2025

இப்படிக்கு,
சா. பிலவேந்திரன்
(காலை வண்டியின் ஒரே பயணி)

இணைப்பு: உடன் பயணம் செய்யும் மகளிரின் கையொப்பங்கள், ஆறு தாள்கள், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு ரூபாய் ஸ்டாம்புடன். முதல் கையொப்பம் சாமுண்டீஸ்வரியுடையது. பால் வண்டி ஹாரன் அடித்ததால் சற்றுக் கோணலாக இருக்கிறது. என் பெயருக்கு எதிரில் ஸ்டாம்ப் ஒட்டவில்லை. என்னைத் தங்கள் தளம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது.